பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே பெட்டி

போன வாரம் எங்கள் கடை வாட்ஸ்அப் குழுவில் பிரியா ஒரு கேள்வி போட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஹோம் தியேட்டர் பிரிவுக்கு வந்த பெண் அவள். "அக்கா, ஒரு கஸ்டமர் பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து ஒரே சப்வூஃபர் கேக்குறாரு. எதைக் குடுக்கலாம்?" என்று கேட்டு, கீழே கும்பிடு போடும் பொம்மை இரண்டு வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருஷம் விழுப்புரத்தில் அந்தப் பெட்டியைத்தான் விற்றேன். ஆனாலும் காய் நறுக்குவதை விட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "பத்து இஞ்ச் குடு" என்று அடித்தேன், அழித்தேன். "முதல்ல ரூம் அளவு கேளு" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். சத்தியமாக எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வந்ததோடு அது போயிற்று. அந்தக் கதையைச் சொல்லாமல் பிரியாவுக்கு நான் எந்தப் பெட்டியைச் சொன்னாலும் மனசு ஒப்பாது. குழுவில் போட முடியாத நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முகையூர் பக்கத்திலிருந்து வந்து நான் அந்தக் கடையில் சேர்ந்தது மிக்ஸியும் கிரைண்டரும் விற்க. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் ஹோம் தியேட்டர் பிரிவில் இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "மேரி, நீ போய் அங்க நில்லு" என்றார்கள். நின்றேன். வேலையை விட்டு வரும்வரை அங்கேயேதான் நின்றேன். முதல் இரண்டு வருஷம் வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்றேன் என்று ஒத்துக்கொள்ள இப்போது வெட்கமில்லை. சப்வூஃபர் என்றால் 'டம் டம்' பெட்டி. பெரிய பெட்டி வாங்கினால் பெரிய டம். அவ்வளவுதான் என் படிப்பு.

அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் சபாபதி சாரோடு வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டது. அவர் எங்கள் பிரிவின் இன்சார்ஜ். தேய்த்த வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை. ஒன்று முகத்துக்கு, இன்னொன்று முட்டிக்கு.

முட்டிக்கு எதற்கு என்றால், அவர் வேலை அப்படி. பெட்டி இறக்கப் போன வீட்டில் முதல் காரியமாக, சோபாவில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரை எழுப்பிவிடுவார். அவர் உட்கார்ந்த இடத்திலேயே, சோபா மேலேயே, சப்வூஃபரைத் தூக்கி வைப்பார். வீட்டில் உள்ளவர்கள் இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னைப் பார்ப்பார்கள். அவருடைய பென்டிரைவில் மூன்றே மூன்று விஷயம் இருக்கும்: ஒரு மிருதங்கத் தனி, ஒரு சண்டைக் காட்சி, பாஸ் கிடார் படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு துண்டு. கிடாரை ஓடவிட்டு, கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதன் மேல் முட்டி போட்டு, சுவர் ஓரமாகத் தவழ ஆரம்பிப்பார். இரண்டடி தவழ்வார், நிற்பார், தலையைச் சாய்த்துக் கேட்பார். கைக்குட்டையை நகர்த்திப் போட்டு மறுபடி தவழ்வார். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் சோபாவில் உட்காருபவருக்கும் அப்படியே கேட்கும். கணக்கு அவ்வளவுதான். நான் புடவையை விட்டு சுடிதாருக்கு மாறியதே இந்தத் தவழலால்தான்.

நடுவில் எழுந்துபோய் ஷோகேஸ் கண்ணாடி மேல் ஒரு விரல் வைப்பார். சமையலறைக்குப் போய்ப் பாத்திர ஸ்டாண்டைத் தொடுவார். எது அதிருகிறதோ அதை ஒதுக்குவார். 'நல்லாருக்கு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "இன்னொரு தடவ போடு" என்பார். திரும்பச் சொல்லவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு பாடு பட்டும் பாதி வீடுகளுக்கு மேல் பெட்டி கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகும். கன்னி மூலைக்கு. நான் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். எனக்குத் தென்மேற்கு என்றால் தென்மேற்கு. கன்னி மூலை என்கிற வீட்டின் தென்மேற்கு மூலையில்தான் கனமான சாமான் இருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானியில் பூஜை விளக்கைத் தவிரக் கனம் ஏற்றவே கூடாது என்பதெல்லாம் வாடிக்கையாளர்கள் சொல்லித்தான் தெரியும். "பொட்டி நல்லா கனமாத்தானே கீது, அப்படியே கன்னி மூலைல வெச்சிடுங்க" என்பார்கள். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து சத்தத்தை ஊதிப் பெருக்கும். படத்தில் குண்டு வெடித்தால் அடிவயிறு கலங்கும், வீட்டுக்காரர் குஷியாகிவிடுவார். பாட்டு போட்டால் மட்டும் மிருதங்கம் பானை உருட்டுகிற மாதிரி கேட்கும். சபாபதி சார் ஒரு வார்த்தை வாதாட மாட்டார். கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அவங்க வூடு மேரி" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுவார்.

திண்டிவனத்து ராஜவேலு ஐயா கடைக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு மாசம் முன்பு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருப்பவர். அறுபது வயசை ஒட்டிய ஆள், குரல் மட்டும் மண்டிச் சத்தத்துக்குப் பழகின குரல். வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்.

"இதோ பாரும்மா. வூட்டுல நானு, என் தம்பி, ரெண்டு குடும்பமும் ஒண்ணாத்தான் கீறோம். ஒரே அடுப்பு. தம்பி வாத்தியாரு, மிருதங்கம் கத்துக்கினவன். சாயந்திரமானா கச்சேரி போட்டுக் கேப்பான். நான் மண்டி மூடிட்டு வந்தா எனக்கு ஒரு சண்டைப் படம் ஓணும். வூட்டுல கீற பழைய பொட்டி 'பொம்'முனு ஒரே இரைச்சல். சவுண்டு ஒத்துக்கல, தனியாப் போறேன்னு சொல்லிக்கினு கீறான். அவனுக்குப் பாட்டு சரியா கேக்கணும், எனக்குப் படம் சரியா கேக்கணும். ஒரே பொட்டி. குடு."

"ரெண்டு பெட்டி தனித்தனியா வெச்சுக்கலாமேங்க ஐயா" என்றேன், விற்கிற புத்தியில்.

"ரெண்டு பொட்டி வெச்சா ரெண்டு ஹால் ஓணும். ரெண்டு ஹால் கட்டினா அப்பால வூடும் ரெண்டுதாம்மா" என்றார்.

சொல்லிவிட்டு வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பெட்டி வாங்க வருபவர்கள் வாட்ஸ் கேட்பார்கள், வாரண்டி கேட்பார்கள். தம்பி வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதற்கு எத்தனை இஞ்ச் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை.

முன்னால் ஓட்டை வைத்த பன்னிரண்டு இஞ்ச் பெட்டியைக் கொடுத்தேன். நானே ஆட்களோடு போய் இறக்கினேன். வழக்கம்போலக் கன்னி மூலை. ஐயாவுக்குப் படம் அமர்க்களமாக இருந்தது. தம்பி குமரவேலு கண்ணை மூடி மிருதங்கம் கேட்டார். ஒல்லியான மனிதர், சோபா நுனியில்தான் உட்காருவார். "கொழகொழன்னு கீது மேடம். ஒரு தட்டு முடியறதுக்குள்ள அடுத்த தட்டு வந்து மேல வுழுது" என்றார். நியாயமான குறை. எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அடுத்த வாரம் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, நாலு பக்கமும் மூடின பத்து இஞ்ச் பெட்டியைக் கொண்டுபோனேன். மூடின பெட்டி கொஞ்சம் அடக்கி வாசிக்கும், மூலையில் வைத்தாலும் அவ்வளவாக உருட்டாது. அண்ணனுக்குப் படத்தில் இடி சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் "பரவால்ல, எனக்குப் போதும்" என்றார். தம்பி கேட்டார். இந்தத் தடவை மிருதங்கம் எனக்கே தெளிவாக, தட்டுத் தட்டாகக் கேட்டது. அவரோ, "மெலிஞ்சு போச்சுங்க மேடம். தொப்பிப் பக்கமே காணோம்" என்றார்.

எனக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கம், கனமான நாதம் வருகிற பக்கம். அது என் காதில் கும்மென்று கேட்டதே! வாசிக்கத் தெரிந்தவர் காணோம் என்கிறார், வாசிக்கத் தெரியாத நான் இருக்கிறது என்கிறேன். வயசாகிவிட்டதோ, காது போய்விட்டதோ என்று வீட்டுக்கு வந்து என் காதையே சோதித்துப் பார்த்தேன். யூடியூபில் பார்த்தால் ஒருவன் மூடின பெட்டிதான் பாட்டுக்கு என்கிறான். இன்னொருவன் ஓட்டை வைத்ததையே ஓட்டையை அடைத்துப் போடு என்கிறான். மூன்றாமவன் ஒன்று போதாது, இரண்டு வாங்கு என்கிறான். பார்க்கப் பார்க்கத் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

மூன்றாவது தடவை வேறொரு பெட்டியோடு சபாபதி சாரே வந்தார். பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூப்பிடுகிறோம் என்று ஐயா வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம் போனோம். சோபா மேல் பெட்டி ஏறியது. கைக்குட்டை விரிந்தது. சார் தவழ ஆரம்பித்ததும் ஐயாவின் மனைவி சகுந்தலா அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

நீளமான வயர் வேண்டும் என்று சார் என்னை வேனுக்கு அனுப்பினார். எடுத்துக்கொண்டு திரும்பினால், குமரவேலு சார் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனைச்சுக்கக் கூடாது. போன பொட்டியே நல்லாத்தான் இருந்துது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு சார் எங்களை இத்தினி தூரம் அலைய வுடறீங்க? இது நியாயமா?"

"பாண்டிச்சேரில வூடு பாத்துட்டோம் மேடம். அட்வான்ஸும் குடுத்தாச்சு. அண்ணங்கிட்ட சொல்றதுக்கு ஒரு காரணம் ஓணுமே. சவுண்டு ஒத்துக்கலன்னு சொல்லி வெச்சேன். அவரு இன்னாடான்னா கடைக்குப் போயி பொட்டி பொட்டியா வாங்கியாறாரு. பேஜாராப் போச்சு."

"உள்ளதை நேராவே சொல்லிடலாமே சார்."

"இன்னான்னு சொல்றது? எங்கப்பா போனப்ப எனக்கு எட்டு வயசு. படிக்க வெச்சவரு அண்ணன்தான். கல்யாணம் பண்ணி வெச்சவரு அவரு. ஒரு நாள் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. ஆனா இந்த வூட்டுல செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் நான் அவரைக் கேக்கணும் மேடம். வேணாம்னு சொல்லவே மாட்டாரு. ஆனா கேக்கணும். நாப்பத்தஞ்சு வயசாவுது எனக்கு. இதெல்லாம் ஒரு காரணமா? இதைப் போயி அந்த மனுசங்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க" என்றார். "இந்த ஹாலுக்கு எந்தப் பொட்டியும் ஒத்து வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். அண்ணன் மனசு நோவாம நான் கெளம்பிடுவேன்."

உள்ளே போனேன். சபாபதி சார் ஒரு இடத்தில் முட்டி போட்டபடி அசையாமல் இருந்தார். வாசல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், குத்துவிளக்கு வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில். "மேரி, நீ வந்து கேளு" என்று எழுந்து இடம் விட்டார்.

கைக்குட்டை மேல் முட்டி போட்டேன். கிடார் ஏறியது, இறங்கியது. ஒரு சுரம் தூக்கலும் இல்லை, ஒரு சுரம் அமுங்கலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு ஒழுங்கான இடம் எந்த வீட்டிலும் எனக்கு அகப்பட்டதில்லை. தலையைத் தூக்கினால், எதிரே அண்ணன் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசற்படியில் தம்பி நிற்கிறார். அவரும் என் வாயைத்தான் பார்க்கிறார்.

"என்ன சொல்ற?" என்றார் சபாபதி சார்.

"இதான் சார் எடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நேர்மையா, தொழில் திமிரா, இல்லை அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமலா? யோசிக்கும் முன்னால் வாய் சொல்லிவிட்டது.

சபாபதி சார் தயங்கினார். "ஐயா, இது உங்க ஈசானிப் பக்கம்" என்றார்.

சகுந்தலா அம்மா பதறிப்போய் வெளியே வந்தார். "ஐயய்யோ, ஈசானியில போயி கனம் ஏத்துறதா? குடும்பத்துக்கு ஆவாதுங்க! வெளக்கு வெக்கிற எடங்க அது!"

"குடும்பமே ரெண்டாப் போவப் போவுது, இதுக்கு மேல இன்னா ஆவணும்?" என்றார் ஐயா. குத்துவிளக்கை அவரே தூக்கி நகர்த்தி வைத்தார். "வைம்மா. ஜல்தி."

வைத்தோம். பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்து, சத்தத்தை ஒரு மயிரிழை குறைத்து, சார் மிருதங்கத்தைப் போட்டார். தம்பி சோபா நுனியில் வந்து உட்கார்ந்தார். அவர் மிருதங்கம் கேட்டார், நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி அண்ணன் நின்றார். வலந்தலை தனியாக, தொப்பி தனியாக, கும்மென்று ஒரு நாதம் எழுந்து, அடங்க வேண்டிய இடத்தில் அடங்கியது. குமரவேலு சாரின் விரல்கள் தொடை மேல் தானாகவே தாளம் போட ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதரால் இனிமேல் பொய் சொல்ல முடியாது.

வாசிப்பு முடிந்தது.

"நல்லா கீதுண்ணா" என்றார் தம்பி.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இருப்பல்ல?" என்று கேட்டார். தம்பி தலையை ஆட்டின மாதிரியும் இருந்தது, ஆட்டாத மாதிரியும் இருந்தது. சகுந்தலா அம்மா எங்களுக்கு மல்லாட்டை உருண்டையும் காபியும் கொடுத்தார். கையில் வாங்கின உருண்டையைச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மயிலம் கூட்டுரோடு தாண்டும்போது சபாபதி சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் பண்ணது தப்பா சார்?"

"சவுண்டு சரியா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு சார்."

"அப்ப நாம போன வேலை முடிஞ்சுது" என்றார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கும்போது, "தப்பா சரியான்னு தெரியல மேரி" என்றார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. போன் வரவில்லை என்றால் பெட்டி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை தம்பி மனசு மாறி இருந்துவிட்டாரோ, நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் பிரியாமல் நின்றதோ என்று சில நாள் பெருமையாக இருக்கும். சில நாள், ஒரு மனுஷன் தன் வீட்டில் ஆணி அடிக்கிற சுதந்திரத்தை நான் கெடுத்துவிட்டேனே என்று மனசு உறுத்தும். எதை நினைத்தாலும் நிம்மதி இல்லை.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது ராஜவேலு ஐயா கடைக்கு போன் செய்து என்னைக் கேட்டார். அந்த மண்டிக் குரல் இறங்கிப்போய், யாரோ வேறு ஆள் என்று நினைத்தேன்.

"தம்பி போய்ட்டான்மா. பாண்டிச்சேரிக்கு. ரெண்டு வாரம் ஆவுது."

"அப்படிங்களா ஐயா" என்றேன்.

"சவுண்டுல ஒரு கொறையும் இல்லன்னு அவனே சொன்னான்மா. தெனம் சாயந்திரம் குந்திக் கேப்பான். நான் படம் பாத்தாலும் எதிர்லியே குந்தினு இருப்பான். அதான் எனக்கு வெளங்கல. சவுண்டுதான் சரியாயிடுச்சே, அப்பாலயும் ஏம்மா போறான்?"

கடை இரைச்சலில் சரியாகக் கேட்க, ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஈசானியில கனத்த ஏத்தினேன்ல, அதனாலதான்னு வூட்டுல சொல்றா. நானே என் கையால வெளக்க நவுத்தினேன். அப்படித்தான் இருக்குமாம்மா? நானே கெடுத்துக்கினேனா?"

"ஐயோ, அதனால இல்லீங்க ஐயா!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துப் பிரிவுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பால எதனால? உனக்குத் தெரியுமா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

சொல்லியிருக்கலாம். ஆணி என்று ஒரு வார்த்தை. சொன்னால், தான் ஒரு நாளும் மறுத்ததில்லையே என்று அந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். சொல்லாவிட்டால், விளக்கை நகர்த்தினதையே யோசித்துக்கொண்டிருப்பார். எது குறைவாக வலிக்கும் என்று நிற்கிற இடத்தில் எனக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

"சரி வுடு. பொட்டிய அவங்கூடவே ஏத்தி அனுப்பிட்டேன். எனக்கு வேற ஒண்ணு அனுப்பும்மா" என்றார். "ரெண்டுக்கும் வேணாம். படத்துக்கு மட்டும் இருந்தா போதும்."